கேப்டன் கொரேரா வகுப்புக்கு வந்த வாரம்

1

மலாய் நாட்டுத் துறைமுகமான கிள்ளானில் கப்பல் அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன் என்று சொன்னால் ஊரில் பலருக்கும் நான் எந்நேரமும் கடலில் கிடப்பதாகவே தோன்றுகிறது. தூத்துக்குடிக்குப் போகும்போதெல்லாம் சித்தப்பா ஒருவர், இந்த மாதம் எந்தெந்த நாடு பார்த்தாய் என்று விசாரிப்பார். எங்கேயும் போகவில்லை சித்தப்பா, என் கப்பல் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் நிற்கிறது என்பேன். அவர் அதை அடக்கமாக எடுத்துக்கொள்வார்.

உண்மையிலேயே அது இரண்டாவது மாடிதான். துறைமுகத்துக்குப் போகும் சாலையில், லோரிகள் வரிசைகட்டி நிற்கும் இடத்துக்கு எதிரே எங்கள் பயிற்சி நிலையம். கப்பலை நடத்தும் மேல்தளத்து அறையை பிரிட்ஜ் என்போம். அதே அளவில் ஓர் அறை கட்டி, சுக்கான், ரேடார், வானொலி எல்லாம் வைத்து, சுற்றிலும் திரைகளில் கடலைக் காட்டுகிறோம். சிமுலேட்டர் என்று பெயர். தரை ஓர் அங்குலம்கூட அசையாது. ஆனால் திரையில் அலை எழுந்தால் இருபது வருடம் கடலில் இருந்தவர்களும் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருவர் வாந்தியே எடுத்துவிட்டார். அன்றிலிருந்து மூலையில் ஒரு வாளி உண்டு.

வருகிறவர்களுக்குக் கப்பல் ஓட்டத் தெரியும். நான் சொல்லிக்கொடுப்பது வேறு. பிரிட்ஜில் நான்கு பேர் நிற்கும்போது ஒருவர் கண்ணுக்கு ஆபத்து தெரிந்தால் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொன்னால் கேப்டன் காதில் வாங்க வேண்டும். இவ்வளவுதான். இதற்கு ஐந்து நாள் வகுப்பா என்று என் மனைவி ஜெயா கேட்டிருக்கிறாள். ஐந்து நாள் போதாது என்பது என் அனுபவம்.

நாங்கள் இங்கே வந்து இந்த மாதத்தோடு பன்னிரண்டு ஆண்டுகள். வந்த நாளைக் கொண்டாட ஜெயா கேசரி கிண்டியிருந்தாள். அன்று காலைதான், மூன்று முறை அலைந்த பிறகு, என் வேலை அனுமதியைப் புதுப்பித்துக் கொடுத்திருந்தார்கள். முதல் முறை புகைப்படத்தின் பின்னணி வெள்ளையாக இருந்தது, நீலம் வேண்டும் என்றார்கள். இரண்டாம் முறை நீலம் சரி, சட்டையும் நீலமாக இருப்பதால் கழுத்துக்குக் கீழே ஆளே இல்லாததுபோல் தெரிகிறது என்றார்கள். பார்த்தேன். உண்மைதான், தலை மட்டும் மிதந்தது. மூன்றாம் முறை மஞ்சள் சட்டையில் போய் முத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கேசரியை வாயில் வைத்தபோது கைப்பேசியில் அடுத்த வார வகுப்பின் பெயர்ப்பட்டியல் வந்தது. ஆறு பேர். இரண்டாவது பெயர் கேப்டன் கொரேரா, தூத்துக்குடி.

கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

2

பதினெட்டு வருடங்களுக்கு முன்பு ஒரு சரக்குக் கப்பலில் நான் தேர்டு மேட், அதாவது பிரிட்ஜில் இருப்பவர்களிலேயே கடைசி அதிகாரி. கேப்டன் கொரேரா எங்கள் கப்பலின் தலைவர். ஆறடி உயரம், வெள்ளைச் சட்டை, பேசினால் இயந்திர அறை வரைக்கும் கேட்கும் குரல். என் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "ஏ தேர்டு" என்பார். இருவரும் ஒரே ஊர் என்பதால் கூடுதலாக ஒரு "ஏல" கிடைக்கும். அவர் பிரிட்ஜுக்கு ஏறி வரும் காலடிச் சத்தத்துக்கே என் கைகள் சட்டைப் பொத்தானைச் சரிபார்க்கும்.

ஓர் ஆற்று முகத்துவாரத்தில் எங்கள் கப்பல் சேற்றில் ஏறி ஒன்பது மணி நேரம் அசையாமல் நின்றது. யாருக்கும் அடியில்லை, எண்ணெய் கொட்டவில்லை. கடல்நீர் ஏறும் நேரம் வந்ததும் தானாக மிதந்தது. ஆனால் கப்பல் மெல்லத் தரைதட்டியபோது வந்த அந்த மெத்தென்ற நடுக்கம் இன்றும் என் உள்ளங்காலில் இருக்கிறது. அடுத்த வருடமே நான் கடலை விட்டு இறங்கிவிட்டேன்.

இந்தச் சம்பவத்தைத்தான் ஒவ்வொரு வகுப்பிலும் புதன்கிழமை காலை ஒரு மணி நேரம் சொல்கிறேன். "ஒரு கப்பல், ஒரு கேப்டன்" என்று பெயரில்லாமல் சொல்வேன். ஆழம் குறைகிறது என்று இளம் அதிகாரி மூன்று தடவை எச்சரிக்கிறான். கேப்டன் மூன்று தடவையும் அவனை அடக்குகிறார். இங்கே நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, கேப்டன் கொரேராவின் குரலில் கர்ஜிப்பேன்: "ஏல, நீ பொறக்கதுக்கு முன்னாலயே நான் கப்பல் ஓட்டுனவம்ல. வாய மூடு." தமிழ் தெரியாதவர்களும் சிரிப்பார்கள். போன வருடம் இந்தோனேசியர் ஒருவர் அதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு போனார். நான் கொடுக்கும் பயிற்சியில் அதிகாரிகளுக்கு நினைவில் நிற்பது இந்த ஒரு குரல்தான் என்று எனக்கும் தெரியும்.

அந்தக் குரலின் சொந்தக்காரர் இப்போது முன்வரிசையில் உட்காரப் போகிறார். ஆறு மாத ஒப்பந்தம் ஒன்றில் கிள்ளானில் கப்பல் ஏற வேண்டும், அதற்கு முன் இந்தச் சான்றிதழ் வேண்டும் என்று அவருடைய நிறுவனம் அனுப்பியிருந்தது.

மறுநாள் மேலாளரிடம் போய், புதன்கிழமைப் பாடத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அந்தப் புதன்கிழமைதான் நிலையத்தின் அங்கீகாரத்தைப் புதுப்பிப்பதற்காக அரசாங்க அலுவலகத்திலிருந்து ஓர் அம்மையார் வந்து வகுப்பில் உட்காரப் போகிறார் என்றார். பாடத்திட்டம் ஏற்கெனவே அவரிடம் போய்விட்டது. மாற்றவேண்டுமென்றால் ஒரு படிவம், மூன்று பிரதி, முப்பது வேலை நாள். எனக்கு இருந்தது மூன்று வேலை நாள்.

3

திங்கள்கிழமை அவர் உள்ளே வந்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். பயிற்றுநர் எழுந்து நிற்பதைப் பார்த்து மற்ற ஐந்து பேரும் குழப்பத்தோடு எழுந்தார்கள். கேப்டனுக்கு அறுபது நெருங்கியிருந்தது. தலை முழுக்க நரை, சட்டை மட்டும் அதே வெள்ளை. என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏ தேர்டு, நீயால?" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். கர்ஜிப்பவரைத்தான் எதிர்பார்த்திருந்தேன். கட்டிப்பிடிப்பவருக்கு நான் தயாராக இல்லை.

மாலையில் வீட்டுக்குச் சாப்பிட அழைக்காமல் இருக்க முடியவில்லை.

ஜெயாவுக்கு இந்த ஊரின் மொழி முதல் வருடத்திலேயே ஒரு அதிர்ச்சியைக் கொடுத்திருக்கிறது. ஒருநாள் என் கைப்பேசி ஸ்பீக்கரில் இருந்தபோது, சக பயிற்றுநர் ஒருவர் "தாலி புத்துஸ், தாலி புத்துஸ்" என்று கத்தினார். மலாயில் தாலி என்றால் கயிறு, புத்துஸ் என்றால் அறுந்தது. சிமுலேட்டர் கப்பலைக் கட்டியிருந்த கயிறு திரையில் அறுந்திருந்தது. ஜெயா அடுப்பை அணைத்துவிட்டு, யாருக்கு என்று கேட்டாள். விளக்கிச் சொன்னதும், "ரெண்டும் கயிறுதானே" என்று மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள்.

எங்கள் மகள் ஷாலினிக்குப் பதினைந்து வயது. மூன்று வயதில் வந்தவள். அவள் தமிழ் கிள்ளான் தமிழ். பாதி மலாய், பாதி ஆங்கிலம், முடிவில் ஒரு லா. தூத்துக்குடிப் பேச்சு அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, வகுப்புக்கு முன்னால் நான் வீட்டில் ஒத்திகை பார்க்கும் கேப்டன் குரல். இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று எனக்கு அன்று மாலை வரை உறைக்கவில்லை. ஊரிலிருந்து விருந்தாளி, அவர் மனம் குளிர ஊர்த் தமிழில் பேசுவோம் என்று அவள் நினைத்திருக்கிறாள். கேப்டன் வாசலில் செருப்பைக் கழற்றும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி, "ஏல, உள்ள வா. சோறு திங்குதியா?" என்றாள்.

ஜெயா என்னைப் பார்த்தாள். நான் செருப்புகளைப் பார்த்தேன்.

கேப்டன் வீடு அதிரச் சிரித்தார். "பாத்தியா தேர்டு, பிள்ளைக்கு நம்ம பேச்ச எப்படிக் குடுத்துருக்க" என்று அவளைத் தன் வலப்பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். சாப்பாடு முழுக்க அவளோடுதான் பேசினார். இடப்பக்கம் நின்று பரிமாறிய ஜெயா இரண்டு தடவை ரசம் வேண்டுமா என்று கேட்டும் அவர் பதில் சொல்லவில்லை. அவர் போனபிறகு, பெரிய மனிதருக்கு என் சமையல் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று ஜெயா வருத்தப்பட்டாள். ஷாலினிக்கு வேறு கவலை. நான் வகுப்பில் செய்யும் குரல் அந்த அங்கிளுடையதுதானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பா, நீங்கதான் எல்லாருக்கும் ஸ்பீக் அப் சொல்லிக் குடுக்குறீங்க. சொல்லிருங்க லா."

சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை முழுவதும் அதற்கு நேரம் இருந்தது.

4

புதன் காலை அலுவலகத்து அம்மையார் புவான் ரொஹானா கடைசி வரிசையில் கோப்போடு உட்கார்ந்தார். புவான் என்பது மலாயில் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல். நான் கதையைச் சொன்னேன். கர்ஜனை இல்லை, கைகட்டு இல்லை. இளம் அதிகாரி மூன்று தடவை எச்சரித்தார், கேப்டன் ஏற்கவில்லை, கப்பல் தரைதட்டியது. வானிலை அறிக்கை வாசிப்பதுபோல் ஆங்கிலத்தில் ஒப்பித்துவிட்டு அடுத்த படத்துக்குத் தாவப் பார்த்தேன்.

அப்போது பிரேமா கையைத் தூக்கினார். பக்கத்து ஊரான காப்பாரைச் சேர்ந்தவர், எண்ணெய்க் கப்பலில் இரண்டாம் அதிகாரி, முப்பது வயது இருக்கும், எதையும் பாதியில் விடாதவர். போன குழுவில் வந்த அவருடைய நண்பர், சார் அந்தக் கேப்டன் மாதிரியே பேசிக் காட்டுவார் என்று சொன்னாராம். இன்று ஏன் இல்லை என்று கேட்டார்.

முன்வரிசையிலிருந்து கேப்டன் மெதுவாக எழுந்தார். வகுப்பைப் பார்த்துத் திரும்பி, அந்தக் கேப்டன் நான்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை.

"ஏ தேர்டு, நீ எங்கல மூணு தடவ சொன்ன? 'சார்'னு கூப்பிட்ட. நான் திரும்பி 'என்னல'ன்னு கேட்டேன். 'ஒண்ணுமில்ல சார்'னு சொன்ன. கக்கூசுக்குப் போகக் கேக்கியோன்னு நெனச்சேன்."

மறுக்க வாயைத் திறந்தேன். திறந்த வாயோடு அந்த இரவு எனக்கு நினைவுக்கு வந்தது. ஆழம் காட்டும் கருவியின் பச்சை எண்கள், அவருடைய முதுகு, என் உலர்ந்த நாக்கு. "சார்." அவர் திரும்புகிறார். "என்னல?" அந்தக் கண்களைப் பார்த்ததும் நான் சொன்னது அந்த 'ஒண்ணுமில்ல சார்'தான். மூன்று எச்சரிக்கைகளும், வாய மூடு என்ற கர்ஜனையும் பிற்பாடு வகுப்பு வகுப்பாகச் சேர்ந்தவை. முதலில் ஓர் எச்சரிக்கை சேர்த்தேன், கதை நன்றாக இருந்தது. அப்புறம் இரண்டு. அந்தப் பிரபலமான வசனத்தை எப்போது எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை வருடமாக, வாய்திறந்து சொல்லுங்கள் என்று பிறருக்குச் சொல்ல, நானே சொல்லாத ஒன்றைச் சொன்னதாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

புவான் ரொஹானாவின் பேனா காத்திருந்தது.

கேப்டன் சொல்வதுதான் சரி என்று வகுப்பில் சொன்னேன். நான் எச்சரிக்கவில்லை. பயந்தேன். பயந்ததைச் சொல்லக் கூச்சப்பட்டு அவரை வில்லனாக்கிவிட்டேன். அவரிடம் மன்னிப்பும் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு உட்கார்ந்தார். அன்றிரவு நான் கேப்டனிடம் என்னதான் சொன்னேன் என்று புவான் ரொஹானா கேட்க, பிரேமா, "தாக் அடா அப்பா அப்பா" என்று மலாயில் மொழிபெயர்த்தார். ஒன்றுமில்லை என்பது மலாயில் அப்படித்தான். என் நிலைமைக்கு அதைவிடப் பொருத்தமாக எந்த மொழியும் அலறியிருக்க முடியாது.

அம்மையார் ஒரு பக்கம் நிறைய எழுதினார். அங்கீகாரம் போயிற்று என்று முடிவு செய்துவிட்டேன். மதியம் மேலாளர் அந்தப் பக்கத்தின் நகலை நீட்டினார். படிவத்தில் 'பயிற்றுநர் பயிலுநர்களின் திருத்தத்தை ஏற்கிறாரா' என்று ஒரு கேள்வி உண்டாம். இதுவரை எந்த நிலையத்திலும் அதை நேரில் பார்த்து டிக் போட வாய்த்ததில்லை என்று எழுதி, டிக் போட்டிருந்தார்.

5

வியாழக்கிழமை சிமுலேட்டர். கேப்டன் கொரேரா தலைமை, பிரேமா அவருக்கு இடப்பக்கம் ஆழமும் வரைபடமும் பார்க்கிறார், சுக்கானில் ஒருவர், வலப்பக்கம் ரேடாரில் ஒருவர். நான் அடுத்த அறையில் மூன்று கேமராக்களையும் ஒரு ஒலிவாங்கியையும் வைத்துக்கொண்டு துறைமுகமாகவும், இழுவைப் படகாகவும், இயந்திர அறையாகவும் மாறி மாறிப் பேசுவேன்.

கப்பல் ஒரு குறுகிய வாய்க்காலில் மெல்ல இடப்பக்கம் ஒதுங்கிக்கொண்டிருந்தது. ஆழம் குறைகிறது என்று பிரேமா ஆங்கிலத்தில் சொன்னார். கேப்டன் அசையவில்லை. மறுபடி சொன்னார். அசையவில்லை. மூன்றாம் முறை சொன்னதும், என் பொய்க்கதை என் கண் முன்னாலேயே நிஜமாக நடக்கிறதே என்று எனக்கு வியர்த்தது. பிரேமா வரைபடத்தை விட்டு அவருக்கு நேர் எதிரே வந்து நின்றார்.

"கேப்டன், ஆழம் எட்டு மீட்டர்தான் இருக்கு. கப்பல வலது பக்கம் திருப்புங்க."

உடனே திருப்பினார். நன்றி என்று அவரிடம் சொல்லவும் செய்தார். பயிற்சி முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். ஆங்கிலத்தில் மூன்று தடவை, தமிழில் ஒரே தடவை, தாய்மொழி என்றால் தாய்மொழிதான் என்று ஒருவர் சொல்ல, கேப்டனும் சேர்ந்து சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதிவை ஓட்டிப் பார்த்தேன். ரேடாரில் இருந்தவர் முணுமுணுத்ததற்குக்கூட அவர் உடனே பதில் சொல்லியிருக்கிறார். அடுத்த பயிற்சியில் இழுவைப் படகின் குரலை இடப்பக்க ஒலிபெருக்கியில் மட்டும் விட்டேன். பதில் இல்லை. வலப்பக்கத்தில் விட்டேன். "கோ அஹெட்" என்று உடனே வந்தது. அவர் யாரையும் அலட்சியம் செய்யவில்லை. அவருக்கு இடது காது கேட்கவில்லை. ஜெயாவின் ரசத்திலும் குறையில்லை.

அறிக்கையில் எழுதினால் நேராக அவருடைய நிறுவனத்துக்குப் போகும், ஒப்பந்தம் அதோடு முடியும். எழுதாவிட்டால் அடுத்த வாரம் நிஜக் கப்பலில், நிஜமான பாறைகளுக்கு நடுவே, ஒரு பயந்த பையனோ பெண்ணோ அவருடைய இடப்பக்கத்தில் நின்று மெல்லச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். முதலில் அவரிடமே சொல்வது என்று தீர்மானித்தேன். எப்படித் தொடங்குவது என்று இரவெல்லாம் வாக்கியங்களைச் செய்து பார்த்தேன்.

6

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும், தலைநகரில் தமிழர் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸைப் பார்க்க வேண்டும் என்றார் கேப்டன். கிள்ளானிலிருந்து ரயிலில் போய் இறங்கி, வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் உட்கார்ந்தோம். மாலைக்கூட்டம். தட்டுகளின் சத்தம், தெருவில் பாட்டுக்கடை. காலியாக இருந்த நாற்காலி அவருக்கு இடப்பக்கம்.

இலை போட்டதும் ஆரம்பித்தேன். சார், நான் சொல்வதைத் தவறாக எடுக்கக் கூடாது என்று தொடங்கி, வயது, வேலை, பொறுப்பு என்று சுற்றி, காதைப் பரிசோதிப்பது நல்லது என்று முடித்தேன். இலையைப் பார்த்தபடியே முழுவதையும் சொல்லிவிட்டேன். நிமிர்ந்தால் அவர் நண்டின் காலை உடைத்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் அவர் காதில் விழவில்லை.

எனக்கு உடனே வந்தது நிம்மதி. அதை மறைக்கப் போவதில்லை. சொல்லியாயிற்று, கடமை தீர்ந்தது, அவருக்குக் கேட்கவில்லை என்றால் நான் என்ன செய்வேன் என்று ஒரு கணம் நினைத்து, அப்பளத்தைக்கூடக் கடித்தேன். அதை விழுங்குவதற்குள் வெட்கமாகிவிட்டது. எழுந்து இலையை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வலப்பக்கம் போனேன். ரசம் வழிந்தது. பரிமாறுகிறவர் ஓடிவந்து, "அண்ணே, அங்க காத்தாடி காத்து வரலயா?" என்றார். பக்கத்து மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"சார், உங்களுக்கு இடது காது கேக்கல."

அவர் கை நின்றது. நண்டை இலையோரம் வைத்தார்.

"யாருட்டல்லாம் சொன்ன?"

"யாருட்டயும் சொல்லல. உங்ககிட்டத்தான்."

இரண்டு வருடமாகவே தெரியும் என்றார். வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்துக்காகத் தினமும் சண்டை. மருத்துவப் பரிசோதனையில் டாக்டரின் உதட்டைப் பார்த்துப் பதில் சொல்லித் தப்பித்திருக்கிறார். இன்னும் ஒரே ஒரு ஒப்பந்தம், அதோடு போதும் என்று மனதைச் சமாதானம் செய்துவைத்திருக்கிறார். இதையெல்லாம் நண்டிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இப்ப என்னல செய்யணும்?"

அவரோடு பயணம் செய்த காலத்தில் ஒருமுறைகூட என்னிடம் கேட்காத கேள்வி அது. காலையில் கிள்ளானில் ஒரு காது டாக்டரிடம் போகலாம் என்றேன். சரி என்றார். பாயசம் வந்தது. அவர் இரண்டு தடவை வாங்கிக் குடித்தார்.

சனிக்கிழமை அந்த டாக்டர் விளக்கைப் போட்டு இடது காதைப் பார்த்துவிட்டு, அங்கிள், இதுக்குள்ள ஒரு தோட்டமே இருக்கு என்றார். வெந்நீர் பீய்ச்சி அவர் எடுத்த அழுக்கை நான் இங்கே வர்ணிக்கப் போவதில்லை. ஒரு மிளகு அளவு என்று நினைத்தால் தவறு. வெளியே வந்ததும் கேப்டன் காரின் கண்ணாடியை இறக்கிவிட்டு, "இந்த ஊரு இவ்வளவு சத்தமாவால இருக்கு?" என்று ஆச்சரியப்பட்டார். ஜெயா அழைத்தபோது கைப்பேசியை இடது காதில் வைத்துக் கேட்டு, ரசம் அருமை என்று ஐந்து நாள் தாமதமாகப் பதில் சொன்னார்.

ஆனால் அழுக்கை எடுத்த பிறகும் பரிசோதனைத் தாளில் இடது காதின் கோடு கொஞ்சம் கீழேதான் ஓடியது. டாக்டர் அதையும் எழுதிக் கொடுத்தார். கேப்டன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். விடுதி வாசலில் இறங்காமல், அங்கேயே தன் நிறுவனத்தை அழைத்து, தன் வாயால் எல்லாவற்றையும் சொன்னார். அவர்கள் கப்பலுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகவும், அவர் ஊருக்குப் போய் முழுப் பரிசோதனை செய்து அறிக்கை அனுப்ப வேண்டும் என்றும் சொல்லி வைத்துவிட்டார்கள். ஒரு மாதமோ, இரண்டு மாதமோ, அப்புறம் உண்டோ இல்லையோ, யாருக்கும் தெரியாது. எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அவர் என்னைத் தேற்றுவதுபோல், மலிவாக என்ன மிட்டாய் கிடைக்கும், பேரனுக்கு வாங்க வேண்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விமான நிலையத்துக்கு நானே கொண்டுபோய் விட்டேன். ஷாலினியும் வந்தாள். அவள் அவரிடம், உங்களைப் போலவே பேசிக் கேலி செய்ததற்கு ஸாரி அங்கிள் என்றாள். கேலியில்லை, உச்சரிப்பில்தான் கொஞ்சம் பிழை இருக்கிறது என்று அவர் நின்ற இடத்திலேயே ஒரு "ஏல" சொல்லிக் காட்டித் திருத்தினார். சுற்றிலும் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

உள்ளே போகும் முன்பு என் தோளில் கைவைத்தார்.

"ஒண்ணு சொல்லுதேன் கேளு. அன்னைக்கு நீ வாயத் தொறந்து சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். வகுப்புல அதையும் சேத்துச் சொல்லு."

பெட்டியை இழுத்துக்கொண்டு போனார். நுழைவாயிலில் அவருக்கு இடப்பக்கம் நின்ற காவலர் குனிந்து ஏதோ கேட்டார். கேப்டன் கொரேரா முதல் தடவையிலேயே திரும்பி, பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார்.